அப்பாவின் காமிராவுக்கு ஒரு வைத்தியர்

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பிரயாணம் செய்தவர்களில் அநேகர், அனுமந்தன்பட்டி என்று ஓர் ஊர் வந்ததையும் போனதையும் கவனித்திருக்க மாட்டார்கள். கண்டக்டர் பெயரைச் சொல்லி விசில் ஊதுவார், நாலு பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் ஏறுவார்கள், பஸ் க. புதுப்பட்டியை நோக்கிப் புறப்பட்டுவிடும். ஆனால் இறங்கிய நாலு பேரில் ஒருவராக நீங்களும் இருந்து, பஸ் கிளப்பிய புழுதி அடங்கும் வரையில் சற்றுப் பொறுத்து நின்று, பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தால் ஊருக்குப் போகவேண்டும் என்ற நினைவே சிறிது நேரத்துக்கு வராது.

மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே கோட்டைச் சுவரைப்போல் நீண்டு கிடக்கிறது. அதற்கு அப்புறம் கேரளம். கிழக்கே திரும்பினால் மேகமலை. இந்த இரண்டுக்கும் நடுவே நெல் வயலும் தென்னந்தோப்பும் வாழையும் திராட்சைப் பந்தலுமாகப் பள்ளத்தாக்கு விரிந்திருக்கிறது. இவ்வளவு பசுமைக்கும் காரணம், 1895-ஆம் வருஷத்தில் மலைக்கு அப்பால் கட்டி முடித்த பெரியாறு அணை. அரபிக் கடலை நோக்கி ஓடிய நதியை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிக்குயிக் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர். ஆங்கிலேயர் ஆட்சியைப்பற்றி நமக்கு எத்தனையோ மனக்குறைகள் உண்டு. ஆயினும் இந்தப் பள்ளத்தாக்கில் மேற்படி எஞ்சினீயரின் படத்தைச் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. 2013-ஆம் வருஷத்தில் லோயர் காம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

எங்கள் வீட்டிலும் அந்தப் படம் இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாக உள்ள மற்றப் படங்கள் மட்டும் கடையில் வாங்கியவை அல்ல. என் தகப்பனார் எடுத்தவை. சுருளி அருவி, உத்தமபாளையத்துப் பாறையில் உள்ள சமணச் சிற்பங்கள், அறுவடைக் களம், என் தாயாரின் இடுப்பில் அழுதுகொண்டிருக்கும் நான் - எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாம் ஒரே காமிராவில் எடுத்தவை. தகப்பனாரும் என்னைப்போல் பள்ளிக்கூட வாத்தியார்தான். அந்த நாளில் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை "இந்து" என்ற பெயரில் பிலிம் தயார் செய்துகொண்டிருந்தது. சம்பளம் வந்த வாரத்தில் ஒரு சுருள் வாங்குவார்; முப்பத்தாறு படத்தையும் மூன்று மாதத்துக்கு வைத்துக்கொண்டு எடுப்பார். தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது, தகப்பனாரும் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. காமிரா மட்டும் பீரோவில் இருந்தது.

ஒரு நாள் என் தாயார், "ஏப்பா, உங்க அப்பா பக்கத்திலே மாட்டுறதுக்கு எனக்கு ஒரு படம் வேணும். நான் போனப்புறம் ஆதார் கார்டிலே இருக்கிற படத்தைப் பெரிசு பண்ணி மாலை போட்டுடாதே" என்றாள். நான் உடனே கைபேசியை எடுத்தேன். "அதிலே வேண்டாம். அதிலே எடுக்கிறதெல்லாம் எங்கே போகுதுன்னே தெரியலை. அப்பா பெட்டியிலே எடு" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு எழுபத்தெட்டு வயது. இந்தக் காரியத்தைத் தள்ளிப்போட முடியாது அல்லவா? பீரோவைத் திறந்தேன்.

அந்தப் பெட்டியின் பெயர் ஜோர்க்கி-4. ருஷ்ய பாஷையில் அதற்குக் "கூரிய பார்வையுடையது" என்று அர்த்தம். மாஸ்கோவுக்கு அருகில் உள்ள கிராஸ்னகார்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரையில் இந்த ஜாதிக் காமிரா பதினேழு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் நம்பரில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருஷத்தைச் சொல்லும். எங்களுடையது 64. கையில் எடுத்தால் சிறு செங்கல்லின் கனம் இருக்கும்.

இது ரேஞ்ச்பைண்டர் வகையைச் சேர்ந்த காமிரா. வாத்தியார் புத்தி போகாது. ஆகையால் அதை விளக்கிவிடுகிறேன். ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இங்குமங்கும் தாவும். விரலைத் தூரத்தில் வைத்தால் தாவல் குறையும். தாவலின் அளவைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்பதே இந்தக் காமிராவின் சூத்திரம். முன்பக்கத்தில் இரண்டு விரற்கடை இடைவெளியில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. பின்னால் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் விசையைத் தட்டவேண்டும்.

இந்த உபாயத்தைப் பிரபலமாக்கியது ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லர் நகரத்து லைக்கா. ஆஸ்கார் பர்னாக் என்ற தொழில் நிபுணர் அமைத்த அந்தச் சிறு காமிரா 1925-ல் லைப்சிக் சந்தையில் வெளிவந்தது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்பைண்டரை 1932-ல் அதில் சேர்த்தார்கள். ருஷ்யர்கள் அதைப் பார்த்துச் செய்த காமிராவின் வம்சத்தில் வந்ததுதான் எங்கள் ஜோர்க்கி. ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் லைக்காவைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1948 ஜனவரி 30-ந் தேதி, மகாத்மா மறைவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு, அவரைச் சந்தித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்த சமயத்தில் திருவண்ணாமலையிலும் இருந்தார். கண்ணுக்கு எதிரே மறைந்துகொண்டிருப்பதைப் பிடித்து வைப்பதற்கு இம்மாதிரிக் காமிரா ஏற்றது என்று என் தகப்பனார் சொல்லுவார். அப்போது அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

பீரோவிலிருந்து எடுத்த காமிராவில் ஒரு சுருள் போட்டுப் பார்த்தேன். தைப் பொங்கலன்று வாய்க்கால் கரைக்கு எடுத்துக்கொண்டு போய், மாடுகளையும் பிள்ளைகளையும் படம் பிடித்தேன். கழுவி வந்த படங்களில் மாடு எது, பிள்ளை எது என்று தெரிந்தது, அவ்வளவுதான். எதுவும் கூர்மையாக விழவில்லை. அதற்குமேல், ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தது. என் தாயாரின் படத்தில் அந்தப் பொட்டு நெற்றியில் விழுந்தால் பரவாயில்லை. கன்னத்தில் விழுந்தால் என்ன செய்வது?

ரிப்பேர் செய்யவேண்டும் என்று தீர்மானமாயிற்று. யாரிடம் செய்வது?

முதலில் ஒரு பக்கத்துப் பட்டணத்துக்குப் போனேன். ஊரின் பெயர் வேண்டாம். கடைக்காரர் காமிராவைக் கையில் வாங்கியதும், "ரஷ்யா மாடல்!" என்று சொல்லிக்கொண்டே வேகம் மாற்றும் குமிழைத் திருகினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காமிராவில் முதலில் பிலிம் ஏற்றும் குமிழை முழுதும் திருகி ஷட்டரை ஏற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வேகத்தை மாற்றவேண்டும். மாறிச் செய்தால் உள்ளே இருக்கும் பொறி கெட்டுப்போகும். ஏழு வயதில் என் தகப்பனார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அப்போதே காமிராவைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் படித்த மனிதர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. தொழில்காரர் ஒருவர் தைரியமாகப் பேசினால், நாம் படித்தது தப்போ என்று நினைத்துவிடுகிறோம். கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, "சர்வீஸ் ஆச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். பணமும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மேல் மூடியில் ஒரு திருகாணியைக் காணோம். முன்பு பக்கவாட்டில் விலகியிருந்த இரண்டு உருவங்களும் இப்பொழுது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி இறங்கி நின்றன.

இரண்டாவது மனிதர் இன்னும் பெரிய பட்டணத்தில் இருந்தார். அவர் காமிராவைத் திறக்கவே இல்லை. "இதை ரிப்பேர் பண்ணி என்ன சார் பிரயோஜனம்? எங்கிட்டே விட்டுடுங்க. பேரைச் சுரண்டிட்டு லைக்கான்னு எழுதி, தங்க முலாம் பூசினா, வாங்குறதுக்கு ஆள் இருக்கு" என்றார். நான் வேடிக்கை என்று நினைத்தேன். பிற்பாடு விசாரித்ததில், ருஷ்யக் காமிராக்களை இப்படி வேஷம் போட்டு விற்கும் வியாபாரம் உலகம் முழுவதும் வெகு காலமாக நடந்து வருவதாகத் தெரிந்தது. இந்த வேஷக் காமிராக்களை அடையாளம் கண்டுகொள்வதே ஒரு தனி வித்தையாகிவிட்டதாம்! அறுபது வயதான என் தகப்பனார் காமிராவுக்கு மாறுவேஷம் போட எனக்கு மனம் வரவில்லை.

கல்கத்தாவில் மெட்ரோ கல்லி, டில்லியில் சாந்தினி சௌக், மும்பையில் போரா பஜார் ஆகிய இடங்களில் பழைய காமிராக்களைப் பழுது பார்ப்பவர்கள் உண்டு என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால், பார்சலில் கட்டி அனுப்புவதற்குத் துணிவு வரவில்லை. ஒரு முறை சூடு கண்ட பூனை அல்லவா?

கடைசியில் சின்னமனூரில் ஒரு பெரியவர் வழி காட்டினார். நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஓய்வாக இருப்பவர். என் கதையை முழுதும் கேட்டுவிட்டு, "வாத்தியார் சார், நீங்க தேடுற முறை சரியில்லை. காமிரா ரிப்பேர்காரர் எங்கேன்னு கேட்டா, யார் வேணும்னாலும் நான்தான்னு கையைத் தூக்குவான். பழைய காமிரா வச்சிருக்கிறவங்களைத் தேடுங்க. இரண்டாவது தடவையும் யார்கிட்டே கொண்டுபோய்க் கொடுத்தீங்கன்னு கேளுங்க. முதல் தடவை யாரும் ஏமாறலாம், இரண்டாவது தடவை ஒருத்தன் அதே படி ஏறினான்னா, அதுதான் சர்ட்டிபிகேட்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவர் சொன்னபடியே நாலு பேரை விசாரித்தேன். மூன்று பேர் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள். அது மதுரையில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காமிராவைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். அகலப்பாதை போடுவதற்காகப் பல வருஷம் நின்றுபோயிருந்த ரயில், 2022-ஆம் வருஷத்தில் தேனிக்கு மறுபடியும் வந்துவிட்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மலைகளுக்கு நடுவே வளைந்து போகும்போது குழந்தைகள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். கணவாயைத் தாண்டியதும் பச்சை குறைந்து, கரடும் கருவேலமும் ஆரம்பமாயின. நான் மடியிலிருந்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள், "உள்ளே என்ன, நகையா?" என்று கேட்டாள். "இல்லை அம்மா, நோயாளி" என்றேன். அவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

மேலமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. செங்குத்தான மாடிப்படி. பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. உள்ளே எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் கடிகாரம் பழுது பார்த்தவராம். இவர் காமிராவுக்கு வந்துவிட்டார்.

துண்டைப் பிரித்தேன். பெரியவர் காமிராவை வாங்கியதும் ஷட்டரை நிதானமாக ஏற்றினார். அதற்குப் பிறகுதான் வேகக் குமிழைத் தொட்டார். எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. ஒரு விநாடி வேகத்தில் வைத்து விசையைத் தட்டி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் காதருகில் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு வேகமாக அப்படியே கேட்டார். பின்பு லென்ஸைக் கழற்றிவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கைக் காட்டி, பின்பக்கமாக உள்ளே பார்த்தார்.

"இதோ பாருங்க" என்றார். ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள். அந்தக் கறுப்புத் துணியில் ஒரு குண்டூசி முனை அளவுக்கு நட்சத்திரம் மின்னிற்று.

"வயசானதாலே விழுந்த ஓட்டை இல்லை இது. துணி கருகியிருக்கு. மூடி போடாம சூரியனைப் பார்க்க வச்சது யாரு?"

பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கும் பரிசோதனையை வருஷந்தோறும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். அதே லென்ஸ் அதே வேலையைத் துணித் திரைக்கும் செய்யும் என்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. பொங்கலன்று வாய்க்கால் கரையில் ஒரு கல்லின்மேல் காமிராவை வைத்துவிட்டுக் கரும்பு தின்றுகொண்டிருந்தது நான்தான். ஒப்புக்கொண்டேன். முதல் கடைக்காரர் தலையில் அந்தப் பழியையும் போட்டு வைத்திருந்தேன் என்பதையும் மனதிற்குள் ஒப்புக்கொண்டேன்.

பெரியவர் சிரித்தார். "பாதகமில்லை. சின்ன ஓட்டைதான்; ரப்பர் பூச்சு வச்சு அடைச்சுடலாம். சில வருஷம் தாங்கும். புதுத் திரையே போடணும்னா நான் செய்ய மாட்டேன். முன்னே செய்தேன், இப்போ கை நடுங்குது. திரை ஒரு நூல் கோணலா ஒட்டிட்டா, வேகம் எல்லாம் தப்பாயிடும். அதுக்குக் கல்கத்தாவிலே ஒருத்தர் இருக்கார். விலாசம் எழுதித் தரேன்."

வாசகர்களே! நான் தேடி அலைந்த மனிதர் இவர்தான் என்று எனக்கு அந்த வினாடியில் நிச்சயமாயிற்று. மற்ற இருவரும் தங்களால் முடியாதது ஒன்றுமில்லை என்றார்கள். இவர் ஒருவர்தான் தம்மால் முடியாதது இன்னது என்று சொன்னார்.

திறந்து வேலை செய்யும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் காமிராவின் படத்தை வரைந்து, எந்தத் திருகாணியை எங்கே எடுத்தாரோ, அந்த இடத்திலேயே காகிதத்தின்மேல் வைத்தார். காணாமற்போன திருகாணிக்கு ஒரு டப்பாவிலிருந்து ஜோடி தேடிப் போட்டார். முன்பு திறந்தவரைப்பற்றி நான் கோபமாக ஏதோ சொன்னபோது, "அவனைத் திட்டாதீங்க. எனக்கு எங்கப்பா இருந்தார். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தா?" என்றார்.

மாலையில் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் வெயிலில் நின்றது. காமிராவின் பின் மூடியைக் கழற்றி, பிலிம் ஓடும் இடத்தில் ஒரு தேய்த்த கண்ணாடியைப் பதித்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, "பாருங்க" என்றார். அந்தச் சிறு கண்ணாடியில் கோபுரம் தலைகீழாக, சுதை பொம்மைகளோடு, கத்தி முனைபோல் கூர்மையாக விழுந்திருந்தது. லென்ஸ் காட்டுகிற தூரமும் ரேஞ்ச்பைண்டர் சொல்லுகிற தூரமும் ஒத்துக்கொள்ளும் வரையில் உள்ளேயிருந்த சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பிறகு ஒரு மீட்டரில் என் சட்டைப் பொத்தானை வைத்துச் சோதித்தார். "கிட்டே சரியா இருந்து தூரத்திலே தப்பினாலும் பிரயோஜனமில்லை, தூரத்திலே சரியா இருந்து கிட்டே தப்பினாலும் பிரயோஜனமில்லை" என்றார். காமிராவைப்பற்றி மட்டும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கழற்றிய பழைய திருகாணிகளையும் துடைத்தெடுத்த பிசினையும் ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார். "ஊருக்குப் போனதும் தூரத்திலே ஏதாவது ஒண்ணைப் பார்த்துச் சோதிச்சுக்குங்க. தப்பா இருந்தா பணம் வேண்டாம், திரும்பி வாங்க. உங்க ஊரிலே தூரமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் தூரத்துக்கா பஞ்சம்! மறுநாள் காலையில் ஊருக்கு மேற்கே வயல் வரப்பில் நின்றுகொண்டு காமிராவைக் கண்ணில் வைத்தேன். மலை விளிம்பில் வானத்தை ஒட்டித் தனியாக ஒரு மரம் நிற்கிறது. காமிராவில் இரண்டு மரங்கள் தெரிந்தன. லென்ஸைக் கடைசி வரையில் திருகினேன். இரண்டும் நெருங்கின, தொட்டன, ஒரே மரமாயின. கோயில் மணியும் சர்ச் மணியும் ஏதோ ஒன்று அப்போது அடித்தது. எது என்று கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் தாயாரை வாசல் திண்ணையில் உட்கார வைத்தேன். சுங்கடிச் சேலை கட்டி, தலை வாரி, வெகு கம்பீரமாக உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் இரண்டு தாயார்கள் தெரிந்தார்கள். ஒன்றாக்குவதற்கு நான் சற்று அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. "உங்கப்பாவும் இப்படித்தான் அசையாதே அசையாதேன்னு பிராணனை வாங்குவார்" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். விசையைத் தட்டினேன்.

கழுவி வந்த படத்தில் வெள்ளைப் பொட்டு இல்லை. காதோரத்து நரைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சிரிக்கிறேனே? மாலை போடுற படத்திலே சிரிக்கலாமா?" என்றாள்.

"வேணும்னா இன்னொண்ணு எடுக்கலாம் அம்மா."

"அப்போ இது இப்படியே இருக்கட்டும். அதுக்கு வேறே ஒண்ணு பின்னாலே எடுத்துக்கலாம். என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் மறக்காமல் லென்ஸுக்கு மூடியைப் போட்டேன்.